சோழமண்டலத் துணியும் லங்காஷயர் நூலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதார வரலாற்றில் எத்தனையோ சரக்கு இருக்க, ஏன் பருத்தித் துணி?

வணிகம், சரக்கு, புதுசு புதுசாகச் செய்து பார்க்கும் பழக்கம் இந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தள்ளிக்கொண்டு போகின்றன என்று பார்க்க இதைவிடத் தெளிவான கதை எனக்குக் கிடைக்கவில்லை. தொழிற்புரட்சி என்றால் ஜேம்ஸ் வாட், நீராவி, நிலக்கரி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்தப் புரட்சி முதலில் பிடித்துக்கொண்ட தொழில்களில் பெரியது பருத்தி நூற்பு, அதன் மையம் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர். அந்த இயந்திரங்கள் எட்டிப் பிடிக்கப் பார்த்த சரக்கு சோழமண்டலக் கரையிலும் (இன்றைய தமிழ்நாடு, ஆந்திரக் கிழக்குக் கரை) குஜராத்திலும் வங்காளத்திலும் நெய்த துணி. இதை யாரும் சேர்த்துச் சொல்லித் தரவில்லை. சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வேறு மாதிரித் தெரிகிறது, அதனால்தான் இந்தப் பக்கம்.

வெள்ளைக்காரர்கள் மிளகுக்குத்தானே வந்தார்கள்?

ஆமாம், வந்தது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்க்குத்தான். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1600லும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602லும் தொடங்கின. கண் முழுக்க இன்றைய இந்தோனேசியத் தீவுகள் மேல். அங்கே போன பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. ஐரோப்பாவில் செய்த கம்பளித் துணியை அந்த வெயிலில் யாரும் வாங்கவில்லை, வெள்ளியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் உண்மையில் ஆசைப்பட்டுக் கேட்டது சோழமண்டலத்துத் துணி. எனவே வெள்ளியை இங்கே கொண்டுவந்து துணி வாங்குவது, துணியை அங்கே கொண்டுபோய் வாசனைச் சரக்கு வாங்குவது என்று ஒரு முக்கோணம் அமைந்தது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும், டேனிஷ்காரர்கள் 1620ல் தரங்கம்பாடிக்கு வந்ததும் பெரிதும் இந்தக் கணக்கில்தான்.

சென்னைகூடத் துணியால் பிறந்த ஊர். 1639ல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல் கரையைத் தேர்ந்ததற்குத் துறைமுக வசதி காரணமாக இருக்க முடியாது. அலை அடிக்கிற திறந்த கடல், கப்பல் தூரத்தில் நின்றுவிடும், சரக்கை மசூலாப் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும். நல்ல லாங்கிளாத் (நீளமாக நெய்த பருத்தித் துணி) மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவாகக் கிடைக்கிறது என்று அவர் எழுதி அனுப்பினார். கோட்டை வந்ததும் ஊர் வளர்ந்ததும் அதற்கப்புறம்.

அதற்கு முன் நாம் கடல் வணிகமே செய்யவில்லையா?

நிறையச் செய்தோம். சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088ல் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் விளைந்த இடம் அது. ஐரோப்பியர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாதையில் ஏறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்தத் துணியில் அப்படி என்ன விசேஷம்?

துவைத்தாலும் சாயம் போகாது. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கம்பளிக்கும் பட்டுக்கும் நல்ல சாயம் உண்டு, பருத்தியில் மட்டும் பளிச்சென்ற நிறத்தை நிலைக்கவைக்கத் தெரியவில்லை. பருத்தி நார் சாயத்தைச் சுலபத்தில் பிடிக்காது. நம் ஆட்கள் அதற்கு ஒரு நீண்ட வழி வைத்திருந்தார்கள்.

முதலில் கோராத் துணியை வெளுத்து, கடுக்காய் அரைத்த எருமைப் பாலில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நாரோடு ஒட்டும், பாலில் உள்ள கொழுப்பு கோடு கசியாமல் பார்த்துக்கொள்ளும். அப்புறம் மூங்கில் குச்சிப் பேனாவால் எழுத வேண்டும். கறுப்பு வர வேண்டிய கோட்டுக்கு இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய நீர். சிவப்பு வர வேண்டிய இடத்துக்குப் படிகார நீர். எழுதும்போது அதில் நிறமே தெரியாது. பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்து நிற்கும், மற்ற இடத்து நிறம் அலசி வெயிலில் போடப்போடக் கழன்றுவிடும். நீலத்துக்கு வேறு கதை: நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் துணி முழுக்க மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். வெந்நீரில் மெழுகை எடுத்தபின் மறுபடி படிகாரம், மறுபடி வேர். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது, நீலத்தின் மேல் மஞ்சள் பூசுவதுதான். அந்த மஞ்சள் மட்டும் நாளாவட்டத்தில் வெளுத்துவிடும், அதனால்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சோழமண்டலத் துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நீல இலையைப் பார்க்கும்போதே ஏதோ செய்யும்.

சாயவேர் மணற்பாங்கான கடற்கரையில் விளையும் சின்னச் செடி, இம்பூறல் என்றும் சொல்வார்கள். மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்து வேருக்கு நல்ல பெயர் இருந்தது, டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் ஏகபோகமாகவே வைத்திருந்தார்கள். ஒரு வேருக்கு இவ்வளவு காவல் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இங்கே இருந்தது பழங்கால மரபுத்தொழில். புதுமை என்று எதைச் சொல்வது?

இந்தக் கேள்வியைத்தான் நான் அடிக்கடி சந்திக்கிறேன், இதில்தான் எனக்குக் கோபமும் வரும். மரபு என்றால் மாறாதது என்று நினைத்துவிடுகிறோம். சோழமண்டலத்து நெசவாளரும் சாயக்காரரும் ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனியாக வேலை செய்தார்கள். சயாமுக்கு அந்த நாட்டு அரசவை விரும்பும் உருவங்கள், ஜாவாவுக்கு வேறு கரை, ஜப்பானுக்கு வேறு கட்டம். லண்டன் கம்பெனிக்காரர்கள் முதலில் கிடைத்ததை வாங்கினார்கள். வீட்டுச் சுவரிலும் கட்டிலிலும் தொங்கவிடும் பெரிய துணிகளுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும், கிளை விரிந்த மரம் வேண்டும் என்று பின்னால் மாதிரி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஐரோப்பியச் சித்திரம், சீனப் பூ, நம் ஊர் மயில் மூன்றும் ஒரே துணியில் சேர்ந்தது இப்படித்தான். கண்ணால் பார்த்தே இராத நாட்டுக்காரியின் ரசனைக்கு, கப்பல் போய் வரும் ஒன்றரை இரண்டு வருட இடைவெளியில், வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்வது புதுமை இல்லையென்றால் வேறு எது?

வணிகர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் காசி வீரண்ணா போன்ற பெரிய வணிகர்கள் முன்பணம் கொடுத்து ஊர் ஊராகத் துணி திரட்டிக் கம்பெனிக்கு விற்றார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் அரசியலுக்கு நடுவே துணிக் கணக்கும் கப்பல் வரவும் வந்துகொண்டே இருக்கும். நெசவாளருக்கும் பேரம் பேசும் பலம் இருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், கெடுபிடி அதிகமானால் தறியைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். தறி என்பது நாலு மரத்துண்டும் கயிறும்தானே. கம்பெனி அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பேட்டைகள் கட்டியதே அதனால்தான். திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கும் காலடிப்பேட்டை, ஆளுநர் காலெட் நெசவாளருக்காகக் கட்டிய காலெட் பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை 1734ல் வந்த சின்னத் தறிப் பேட்டை. துணி வெளுத்தவர்கள் இருந்தது வண்ணாரப்பேட்டை. தினமும் பஸ்ஸில் அந்தப் பெயர்ப்பலகைகளைத் தாண்டித்தான் போகிறோம்.

இந்தத் துணிக்கும் ஆப்பிரிக்க அடிமை வணிகத்துக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, மறைக்கக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணிக்கு முக்கிய இடம். புதுச்சேரியில் அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணிக்குக் கினி என்றே பெயர். செனகலில் பிசின் வாங்க அது காசு போலவே புழங்கியது. நெய்தவருக்கும் சாயம் போட்டவருக்கும் அது எங்கே போய் எதற்கு மாறுகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. நைஜீரியாவில் இன்றும் விசேஷங்களுக்குக் கட்டும் ஒரு வகைத் துணியை ஜார்ஜ் என்கிறார்கள், பெயர் நம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து போனது என்பார்கள்.

இங்கிலாந்து ஏன் நம் துணியைத் தடை செய்தது?

அங்கே அது அந்த அளவுக்குப் பிடித்துப்போனது. 1684ல் மட்டும் ஆங்கிலக் கம்பெனி பத்து லட்சம் துண்டுக்கு மேல் (ஒரு துண்டு என்பது தறியிலிருந்து இறக்கிய முழு நீளத் துணி) இந்தியத் துணி இறக்கியது. சீமாட்டியும் கட்டினாள், அவள் வீட்டு வேலைக்காரியும் கட்டினாள். கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்பில் கைவைத்தால் சும்மா இருப்பார்களா? 1697ல் லண்டனில் கம்பெனி அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700ல் அச்சடித்த துணியின் இறக்குமதிக்குத் தடை வந்தது. வெள்ளைத் துணியை இறக்கி லண்டனிலேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள். 1719ல் மறுபடி கலவரம், தெருவில் பருத்தி உடுத்தி வரும் பெண்கள் மேல் மையும் அமிலமும் வீசினார்கள், துணியைக் கிழித்தார்கள். 1721ல் சில விலக்குகளோடு அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள், அபராதம் 5 பவுண்டு. பிரான்ஸ் இதற்கு முன்பே, 1686லேயே, தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது.

சுதந்திர வணிகத்தை உலகத்துக்குப் போதித்த நாடு என்று பெயர் வாங்குவதற்கு முன் இங்கிலாந்து கடைப்பிடித்த வழி இது.

தடை போட்டால் கண்டுபிடிப்பு வந்துவிடுமா?

தடை இடம் கொடுத்தது, அவ்வளவுதான். பிரான்சும் தடை போட்டது, ஆனால் நூற்பு இயந்திரம் அங்கே பிறக்கவில்லை.

லங்காஷயரில் லினன் பாவும் (நீள இழை) பருத்தி ஊடையும் (குறுக்கு இழை) சேர்த்து ஒரு கலப்புத் துணி நெய்தார்கள். ஏன் கலப்பு? பாவு நூல் தறியில் இழுவிசை தாங்க வேண்டும், அவர்கள் கையால் நூற்ற பருத்தி நூல் அதற்குத் தாங்காமல் அறுந்தது. நம் ஊர்ப் பெண்கள் நூற்ற நூல் தாங்கியது, பிரச்சினையே அங்கேதான். 1733ல் ஜான் கே, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைக் கையால் தள்ளாமல் கயிற்றை இழுத்துப் பறக்கவிடும் வழியைக் கண்டுபிடித்தார். நெசவு வேகமானது, நூல் போதவில்லை. ஒரு நெசவாளருக்கு நாலைந்து பேர் நூற்றுக் கொடுக்க வேண்டிய நிலை. 1761ல் லண்டனில் கலைச் சங்கம், ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஆறு இழை நூற்கும் இயந்திரத்துக்குப் பரிசு அறிவித்தது. அதாவது என்ன குறைகிறது என்று ஊரறியச் சொல்லி, யாராவது செய்யுங்கள் என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. எனக்கு இயந்திரங்களைவிட இந்த அறிவிப்பு முக்கியமாகப் படுகிறது.

அடுத்தடுத்து வந்தது எல்லாருக்கும் தெரிந்த பட்டியல்தான்: ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற பல இழை நூற்பு இயந்திரம் 1764 வாக்கில், ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்புச் சட்டம் 1769, இரண்டையும் கலந்த கிராம்டனின் மியூல் 1779. ஆட்கள் யாரென்று பாருங்கள். ஹார்கிரீவ்ஸ் நெசவாளர். ஆர்க்ரைட் சவரத் தொழிலும் விக் வியாபாரமும் செய்தவர், அவருக்குப் பல்சக்கரம் செய்து கொடுத்தவர் ஒரு கடிகாரக்காரர். கடிகாரம், தண்ணீர் ஆலை, இரும்புக் கடைசல் தெரிந்த ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், யோசனை வந்ததும் நடந்து போய்க் கேட்க முடிந்தது. ஆனால் சுகமான கதை இல்லை. ஹார்கிரீவ்ஸின் ஜென்னிகளை 1768ல் உடைத்துப் போட்டார்கள். ஆர்க்ரைட்டின் காப்புரிமையை 1785ல் நீதிமன்றம் ரத்து செய்தது, ஆனாலும் அவர் பெரும் பணக்காரர். கிராம்டன் தன் மியூலை ஊருக்குத் திறந்து காட்டியதற்குச் சந்தாவாகக் கிடைத்தது சுமார் 60 பவுண்டு. பல வருடம் கழித்து 1812ல்தான் பாராளுமன்றம் 5,000 பவுண்டு கொடுத்தது.

ஆர்க்ரைட்டின் நூல் பாவுக்குத் தாங்கியது. முழுப் பருத்தித் துணி அங்கேயே நெய்ய முடிந்ததும் 1774ல் சட்டத்தை மாற்றி, இங்கிலாந்தில் செய்தது என்று தெரிய ஓரக்கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும் என்று விதித்தார்கள். இந்தியத் துணியிலிருந்து பிரித்துக் காட்ட நீல நூல் தேவைப்பட்ட அளவுக்குப் போலி அசலை நெருங்கிவிட்டது.

இயந்திரம் உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்தியது?

100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ பஞ்சை மெல்லிய நூலாக்க இந்தியக் கை நூற்புக்கு 50,000 மணி நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு. கிராம்டனின் மியூலில் 2,000 மணி, 1795 வாக்கில் நீராவி சேர்ந்த மியூலில் 300, 1825 வாக்கில் ராபர்ட்ஸின் தானியங்கி மியூலில் 135.

இந்த எண் எனக்குக் கையில் புரியும். எங்கள் பள்ளியில் கைத்தொழில் பீரியடில் தக்களி, அதாவது கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கதிர், கொடுத்தார்கள். பட்டையிலிருந்து இழுக்க இழுக்க நூல் வரும், முறுக்கு கூடினால் சுருண்டுகொள்ளும், குறைந்தால் பஞ்சாய்ப் பிரிந்து தக்களி காலில் விழும். ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்தால் முழங்கையில் நாலு சுற்று சுற்றும் அளவுக்கு நூல், அதுவும் ஒரு இடம் தடி ஒரு இடம் இழை. அந்த நூலை வைத்து மல் துணி நெய்தார்கள் என்று நினைத்தால் அந்தக் கைகளுக்குக் கும்பிடு போடத் தோன்றும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் 50,000 மணி என்பது ஒருத்தியின் 17 வருடம்.

நம் ஊரில் ஏன் அந்த இயந்திரம் வரவில்லை? சாதிதானே காரணம்?

ஒரே சொல்லில் முடித்தால் எனக்குச் சம்மதமில்லை. ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்றும் சண்டை. இங்கிலாந்தில் கூலி அதிகம், நிலக்கரி மலிவு, எனவே ஆளைக் குறைக்கும் இயந்திரத்தில் பணம் போடுவது அங்கே லாபம், இங்கே நஷ்டம் என்கிறார்கள் ஒரு சாரார். தென்னிந்திய நெசவாளரின் கூலியை நெல்லில் அளந்து பார்த்தால் ஆங்கிலேயக் கூலிக்கு அவ்வளவு குறைவில்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். அந்தக் கணக்கை மூன்றாம் சாரார் மறுக்கிறார்கள்.

எனக்குப் படுவது: முன்னால் ஓடுகிறவனுக்கு அவசரமில்லை. உலகத்தின் சிறந்த துணி உன் தறியில் இருக்கிறது, கப்பல் வாசலுக்கு வருகிறது என்றால் எதை எட்டிப் பிடிக்க இயந்திரம்? துரத்துகிறவனுக்குத்தான் ஒவ்வொரு குறையும் உறுத்தும். இது முதல் காரணம்.

இரண்டாவது நம் பக்கத்துக் குறை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாய வித்தை குடும்பத்துக்குள் வாய்மொழியாகவே இருந்தது. 1742ல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டு முழு முறையையும் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். அது அச்சாகியது, ஐரோப்பாவில் வேண்டுபவர் படித்தார்கள், செய்து பார்த்தார்கள், எங்கே தவறு என்று மறுபடி எழுதினார்கள். இங்கே காஞ்சிபுரத்துக்காரர் கண்டுபிடித்ததை மதுரைக்காரர் அறிய அப்படி ஒரு வழி இல்லை. தெரிந்ததை ஊரறிய வைப்பதும் அதன் மேல் இன்னொருவர் கட்டுவதும்தான் புதுமைப் பண்பாடு என்று நான் புரிந்துகொண்டது. கைத்திறன் இங்கே கொட்டிக் கிடந்தது, அந்தப் பொதுத் திண்ணை இல்லை.

மூன்றாவது ஆட்சி. இங்கிலாந்தின் தொழிலுக்கு 1700லும் 1721லும் சட்டம் போட ஒரு பாராளுமன்றம் இருந்தது. நம் தொழிலுக்கு ஆபத்து வந்தபோது இங்கே ஆண்டது வாங்குகிற கம்பெனியே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி கைக்கு வந்ததும் கம்பெனி குமாஸ்தாக்கள் நெசவாளரை வேறு யாருக்கும் விற்கவிடவில்லை, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் பழைய உரிமையும் போனது.

நெசவாளர்களின் கட்டை விரலை வெட்டினார்கள் என்பது உண்மையா?

கம்பெனி டாக்கா நெசவாளரின் விரலை வெட்டியது என்பதற்கு அந்தக் காலத்து ஆவணச் சான்று இல்லை. வில்லியம் போல்ட்ஸ் என்பவர் 1772ல் எழுதியது வேறு: வங்காளத்தில் பட்டு நூல் சுற்றுபவர்கள், கட்டாய வேலைக்குத் தப்ப, தங்கள் கட்டை விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்கிறார். அது மாறி மாறி இன்றைய கதையானது. எழுதியிருப்பதே போதுமான கொடுமை, அதை மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

லங்காஷயருக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் பருத்தி விளையாது. முதலில் மேற்கிந்தியத் தீவுகள், துருக்கி, பிரேசில். 1793ல் எலி விட்னி விதை நீக்கும் இயந்திரத்தைச் செய்த பிறகு அமெரிக்கத் தெற்கு. 1790ல் சுமார் 3,000 பேல் (பஞ்சுப் பொதி) விளைந்த நாடு 1860ல் சுமார் 40 லட்சம் பேல் எடுத்தது. அதே காலத்தில் அங்கே அடிமைகளின் எண்ணிக்கை சுமார் 7 லட்சத்திலிருந்து 40 லட்சத்தை நெருங்கியது. வேலையைக் குறைக்க வந்த இயந்திரம் கோடிக்கணக்கான மணி நேர அடிமை உழைப்பைக் கூட்டியது. விதை நீக்குவது சுலபமானதும் பறிக்க ஆள் வேண்டியிருந்தது, பறிக்கும் இயந்திரம் யாரும் செய்யவில்லை. லங்காஷயரின் பருத்தி நகரமான மான்செஸ்டரின் புதுமையைப் பாராட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பாராட்டக் கூடாது என்பது என் கட்சி.

நம் கைத்தறியைக் கொன்றது வரியா, இயந்திரமா?

இரண்டும். 1813 வாக்கில் இந்தியத் துணிக்கு இங்கிலாந்தில் 70, 80 சதவீத வரி. அவர்கள் துணி இங்கே இறங்க அற்ப வரி. 1814ல் பத்து லட்சம் கஜத்துக்கும் குறைவாக வந்த ஆங்கிலத் துணி 1835ல் ஐந்து கோடி கஜத்தைத் தாண்டியது. அதே இடைவெளியில் இங்கிருந்து போனது பன்னிரண்டரை லட்சம் துண்டிலிருந்து மூன்று லட்சத்துக்கு இறங்கியது. வரி இல்லாமல் இருந்திருந்தாலும் மேலே சொன்ன 135 மணி நேரத்தோடு கை நூற்பு போட்டி போட்டிருக்க முடியாது. ஆனால் தன் சந்தையைக் காத்துக்கொண்டு கற்றுக்கொள்ள இங்கிலாந்துக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் கிடைத்தது, நமக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. பிறகு இங்கே ஆலைகள் வந்தபோதும் 1896ல் இந்திய ஆலைத் துணி மேலேயே மூன்றரை சதவீதக் கலால் போட்டார்கள்.

கைத்தறி சாகவும் இல்லை. மலிவான மில் நூலை வாங்கி நெசவாளர்கள் தொடர்ந்து நெய்தார்கள். சேலை, கரை, கட்டம், லுங்கி என்று ஆலைக்குக் கட்டுப்படியாகாத சரக்குக்கு மாறினார்கள், 20ஆம் நூற்றாண்டிலும் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான தறிகள் ஓடின. 1733ல் கே கண்டுபிடித்த பறக்கும் நாடாவை 1900களில் சேலத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அரசு அதிகாரி பரப்பினார்.

அப்படியானால் அழிந்தது யார்?

நூற்ற பெண்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். புறநானூற்றில் ‘பருத்திப் பெண்டு’ என்று ஒரு சொல் வருகிறது. நற்றிணை ‘ஆளில் பெண்டிர்’ என்கிறது, ஆண் துணை இல்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல். கணவன் இல்லாதவளுக்கு, வயதானவளுக்கு, நிலமில்லாதவளுக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கைக்காசு கொடுத்த தொழில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் இருந்து, ஐம்பது அறுபது வருடத்தில் போய்விட்டது. நெசவாளருக்குச் சங்கம் இருந்தது, சாதி இருந்தது, ஊரைவிட்டுப் போகிறேன் என்று மிரட்ட முடிந்தது, கம்பெனி ஆவணத்தில் பெயர் ஏறியது. இவர்களுக்கு எதுவும் இல்லை. எந்தப் பேட்டையும் இவர்கள் பெயரில் இல்லை.

காந்தி இராட்டையைக் கையில் எடுத்ததைப் பொருளாதாரக் கணக்கில் தப்பு என்று சொல்பவர்கள் உண்டு, கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் காணாமல் போனது துணி இல்லை, நூற்பு என்று சரியாகக் கண்டுபிடித்தவர் அவர் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லங்காஷயர் பிறகும் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டதா?

விடாமல். 1866ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டி 700 மாதிரிகள் கொண்ட 18 தொகுதிகள் தயாரித்தார், மொத்தம் 20 செட். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. வேட்டி எவ்வளவு நீளம், தலைப்பாகை எவ்வளவு அகலம், கரை எங்கே வர வேண்டும் என்று மான்செஸ்டர்காரர் பார்த்து நெய்வதற்காக. சாயத்திலும் அப்படியே: சாயவேர், மஞ்சிட்டி தரும் சிவப்பை ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1869 வாக்கில் ஆய்வகத்தில் செய்தார்கள், 1897ல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. அதோடு வேர் தோண்டுபவர் தொழிலும் அவுரி வயலும் போயின.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பழைய பெரிய துணிகளுக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். இங்கேயே என்றால் பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகள், தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை. அப்புறம் கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டை. அங்கே கோயில் தேருக்கும் விதானத்துக்கும் இன்னும் கையால் எழுதுகிறார்கள். நான் போனபோது ஒருவர் தரையில் துணியை விரித்து மூங்கில் குச்சியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார், பழுப்பாக ஏதோ தண்ணீர். “கறுப்புன்னு சொன்னீங்களே” என்றேன். “கொஞ்சம் இருங்க தம்பி” என்றார். கடுக்காய் ஏறிய துணியில் அந்தக் கோடு என் கண் முன்னாலேயே மெல்லக் கறுத்தது.